ரத்தத்தில் இல்லாத கொழுப்பு

1996-ஆம் வருடம், ஆனி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் நான் டெக்னீஷியனாக வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில், என் கையிலிருந்த கண்ணாடிக் குழாய் நழுவிக் கீழே விழுந்து உடைந்தது. பதினெட்டு வருட வேலையில் நான் உடைத்த குழாய்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எரிச்சலோடு சில்லுகளைப் பொறுக்கக் குனிந்தேன். குனிந்தவனால் நிமிர முடியவில்லை. வலது கை எனக்குச் சொந்தமில்லாத பொருள்போல் பக்கத்தில் தொங்கியது. ரத்தம் கொடுக்க எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணிடம், யாரையாவது கூப்பிடுங்கள் என்று சொன்னதாகத்தான் நினைத்தேன். என் வாயிலிருந்து வந்தது வெறும் உளறல் என்பது, அவர் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

அன்று எனக்கு வயது நாற்பத்து மூன்று. ஒல்லியான உடம்பு. ரத்தத்தில் கொழுப்பு கொஞ்சம்கூடக் கிடையாது. வாயில்தான் இருந்தது. நடந்ததைச் சொல்ல வேண்டுமானால் அந்த வாய்க்கொழுப்பிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அந்த வருடங்களில்தான் எங்கள் ஊரில் ‘கொலஸ்ட்ரால்’ என்ற வார்த்தை டீக்கடை வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. வெறும் வயிற்றோடு காலையிலேயே ஆட்கள் வந்து பெஞ்சில் காத்திருப்பார்கள். ரத்தத்தை எடுத்து, மெஷினில் சுற்றி, மேலே தெளிந்து நிற்கும் நீரில் மருந்தைக் கலந்தால் நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ கொழுப்பும் அவ்வளவு அதிகம். அளக்கிற கருவியில் வைத்துப் பார்ப்பதற்கு முன்பே நிறத்தைப் பார்த்து நான் எண்ணைச் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். அந்தப் பெருமையில், எண்ணோடு நிறுத்தாமல் அவர்களுடைய எதிர்காலத்தையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்திருந்தேன்.

என்னிடம் அதிகமாக மாட்டிக்கொண்டவர் தச்சநல்லூரில் எண்ணெய்க்கடை வைத்திருந்த அண்ணாச்சி. ஐம்பத்தைந்து வயது, ஆஜானுபாகுவான உருவம், தெரு முழுக்கக் கேட்கிற சிரிப்பு. டாக்டர் சொன்னாரென்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருவார். இருநூறுக்குள் இருக்க வேண்டிய கொழுப்பு, அவருக்கு முந்நூறுக்குக் கீழே இறங்கி நான் பார்த்ததேயில்லை.

“என்னவே, இந்தத் தடவையாவது பாஸா?” என்று கேட்பார்.

“ஃபெயில்தான் அண்ணாச்சி. இப்படியே போனா ஒரு நாள் கையும் காலும் விழுந்து படுக்கையிலதான் கிடப்பீங்க” என்பேன். என் ரத்தத்தையும் நானே அவ்வப்போது பார்த்துக்கொள்வேன். அந்தச் சீட்டு எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். நூற்று நாற்பதைத் தாண்டாத என் எண்ணை அவருக்கு எடுத்துக் காட்டுவேன். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “பரீட்சைத்தாள் கணக்கா வச்சிருக்கேரே” என்று சிரிப்பார்.

அந்தச் சீட்டில் எழுதாத விஷயங்கள் சில இருந்தன. தினமும் ஏழெட்டு சிகரெட் பிடிப்பேன். பின்மண்டையில் அடிக்கடி கனமாக ஒரு வலி வரும். எங்கள் கட்டிடத்தின் மாடியில் இருந்த டாக்டர் ஒருமுறை பேச்சுவாக்கில் என் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். முகம் சுருங்கியது. மறுபடி பார்த்தார். நாளைக்கே வா, மாத்திரை ஆரம்பிக்க வேண்டும் என்றார். நான் போகவில்லை. கொழுப்பே இல்லாதவனுக்குப் பிரஷர் என்ன செய்யும் என்ற அலட்சியம். ஒன்றாம் வகுப்பு டீச்சரான என் மனைவி தலைவலியைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் அவளிடமும் அந்தச் சீட்டைத்தான் நீட்டினேன்.

அந்த வருடம் மாசியில் அண்ணாச்சிக்குப் பக்கவாதம் வந்தது. கேள்விப்பட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாய் லேசாக ஒரு பக்கம் கோணியிருந்தது. இடது கையில் பலம் குறைந்திருந்தது, ஆனால் டம்ளரைப் பிடிக்க முடிந்தது. என்னைப் பார்த்ததும் கோணல் வாயோடு சிரித்தார்.

“தப்பிச்சுட்டேன் வே.”

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இதுதான்: “இது சும்மா தொட்டுட்டுப் போயிருக்கு அண்ணாச்சி. உங்க கொழுப்புக்கு அடுத்தது எந்திரிக்க விடாது, பாத்துக்கிடுங்க.” அவர் சிரிப்பு அப்படியே நின்றது. கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அதைப் பார்த்தேன். பார்த்தும், உள்ளதைத்தானே சொன்னோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பத்து நாளில் அவர் நடந்து வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு மாதத்தில் கடையில் உட்கார்ந்துவிட்டார்.

நாலு மாதம் கழித்து விழுந்தவன் நான்.

பாளையங்கோட்டையில் ஸ்கேன் எடுத்தார்கள். தலைக்குள் ரத்தக் கசிவு. வலது கை, வலது கால், முகத்தில் ஒரு பக்கம், பேச்சு எல்லாம் போயிருந்தது. எதிரில் இருப்பவர்கள் பேசுவது எல்லாம் புரியும். பதில் மனதில் தெளிவாக நிற்கும். வாயைத் திறந்தால் நாக்கு மரக்கட்டையாகக் கிடக்கும். எச்சில் மட்டும் வழியும். என் மனைவி பக்கத்தில் நின்று டாக்டரிடம் கேட்கிற கேள்விகள் எனக்குக் கேட்டன. பிழைப்பாரா, நடப்பாரா, பேசுவாரா. மூன்றாவது கேள்விக்கு டாக்டர், பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

நாலாம் நாள் எண்ணெய்க்கடை அண்ணாச்சி வந்தார். வாசலில் அந்த உருவத்தைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். நான் அவருக்குச் சொன்னதைத் திருப்பிச் சொல்ல அவருக்கு முழு உரிமை இருந்தது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து என் வாயோரத்து எச்சிலைத் துடைத்தார். அப்புறம் ஒரு மணி நேரம் அந்த ஈரத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் அழுதேன். முகத்தின் ஒரு பக்கம் மட்டும்தான் அழுதது.

அப்போது வார்டுக்கு வந்த டாக்டரம்மாவிடம் அவர் கேட்டார்.

“அம்மா, எனக்கு ஒரு சந்தேகம். எனக்குக் கொழுப்பு மூட்டை கணக்கா கிடக்கு. எனக்கு லேசா வந்துட்டுப் போயிட்டு. இவருக்குக் கொழுப்பே கிடையாது. இவரை ஏன் இப்படிப் போட்டுட்டு?”

அந்த டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுதான் இருக்கும். சிரிக்காமல், சலிக்காமல் பதில் சொன்னார்.

“ரெண்டு பேருக்கும் வியாதியோட பேர் ஒண்ணுதான், ஐயா. நடந்தது வேற. உங்களுக்குக் குழாய் அடைச்சுது. இவருக்குக் குழாய் வெடிச்சு ரத்தம் கசிஞ்சிருக்கு. ரொம்ப நாளா பிரஷரைக் கவனிக்காம விட்டிருக்கார். கொலஸ்ட்ரால் கூடினா அடைப்பு வர வழி உண்டு. ஆனா வந்தது லேசா இருக்குமா, கடுமையா இருக்குமான்னு அந்த ஒரு நம்பரை வச்சுச் சொல்லவே முடியாது. மூளையில எந்த இடம், எவ்வளவு பெரிசு, எவ்வளவு சீக்கிரம் வந்தீங்க, இதெல்லாம் இருக்கு.”

“அப்போ கொழுப்பு இருக்கவங்களுக்கு லேசாத்தான் வரும்னு...”

“கொழுப்பு அதிகம் உள்ள சிலருக்கு லேசா வந்து போனதை நானும் பாத்திருக்கேன். ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது. அதுக்காக கொழுப்பு உங்களைக் காப்பாத்துதுன்னு மட்டும் நினைச்சிடாதீங்க. மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது.”

டாக்டரம்மா சொன்ன முழுப் பேச்சும் என் காதில் விழுந்தது. அண்ணாச்சியின் காதில் அதில் பாதிதான் விழுந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவன் திரும்பவேயில்லை. என் கைதான் என் வேலை. ஊசி குத்துகிற கை, சொட்டுச் சொட்டாக மருந்து அளக்கிற கை. அது போனபின் எழுந்து உட்கார்ந்து என்ன செய்ய? பார்க்க வருகிறவர்கள், “இவருக்குக் கொழுப்பே இல்லையாமே” என்று அடுத்த அறையில் பேசுவது கேட்கும். அந்தப் பேச்சு வந்தால் போதும், அன்றைக்குக் கஞ்சிகூட இறங்காது.

என் மனைவி ஒரு வாரம் பார்த்தாள். எட்டாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சிலேட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். “ஒண்ணாம் கிளாஸ்ல முதல் நாள் எல்லாப் பிள்ளையளும் அழும். ரெண்டாம் நாளும் அழும். நான் யாரையும் வீட்டுக்குத் திருப்பி அனுப்புனது இல்ல. திரும்புங்க” என்றாள். குரலை உயர்த்தவில்லை. நான் திரும்பினேன்.

அன்றைக்கு ‘அ’வில் ஆரம்பித்தோம். தினமும் அவள் பள்ளிக்கூடம் போவதற்கு முன் அரை மணி, வந்த பின் ஒரு மணி. கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு என் வாயை எனக்கே காட்டுவாள். ஊதச் சொல்வாள். நாக்கை மேலண்ணத்தில் தொடச் சொல்வாள். நாற்பத்து மூன்று வயதில் ‘ம’ சொல்ல எனக்குப் பதினொரு நாள் ஆனது. பன்னிரண்டாம் நாள் அவள் ‘ப’வுக்குப் போய்விட்டாள். பாராட்டு எல்லாம் கிடையாது.

காலுக்கு வாத்தியார் அண்ணாச்சி. நான் கேட்கவில்லை, என் மனைவியும் கேட்கவில்லை. ஆவணியில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். “டீச்சரம்மா, ஆளைக் கிளப்புங்க. ஆத்துல நடக்க வச்சா கால் வரும்னு ஆஸ்பத்திரியில பயிற்சி குடுக்கவரே சொல்லுதாரு. கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்” என்றார். நான் இடது கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். “பைய வாரும். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. கடையைப் பத்து மணிக்குத்தான் தொறப்பேன்.”

வண்ணார்பேட்டைப் படித்துறையில் தண்ணீர் இடுப்பளவு நிற்கிற இடத்தில் என்னை இறக்கினார். தரையில் நிற்காத கால் தண்ணீரில் நின்றது. ஆறு என் பாரத்தில் பாதியை வாங்கிக்கொண்டது. மீதியை அவர் வாங்கிக்கொண்டார். முதல் நாள் மூன்று அடி. இரண்டாம் நாளும் மூன்று அடி. ஐந்தாம் நாள் வழுக்கி இருவரும் சேர்ந்து விழுந்தோம். அவர் மூக்கில் தண்ணீர் ஏறி இருமினார். எழுந்ததும், “எங்க விட்டோம்? நாலாவது அடி” என்றார்.

ஐப்பசியில் ஆற்றில் வெள்ளம் வரும்வரைக்கும் ஒரு நாள் தவறவில்லை. வெள்ளம் வந்த பிறகு தெருவில் நடந்தோம். ஒரு கையில் கம்பு, மறு பக்கம் அவர் தோள். தெருக்கோடி டீக்கடை வரைக்கும் போய்த் திரும்ப முதலில் ஒரு மணி நேரம் ஆனது.

அந்த டீக்கடையில்தான் விஷயம் எனக்குத் தெரியவந்தது. அண்ணாச்சி ஒரு வடையை முடித்து இரண்டாவது வடையை எடுத்தார். பக்கத்தில் இருந்தவர், “வாதம் வந்த உடம்பு, எண்ணெய் ஆகுமா அண்ணாச்சி?” என்று கேட்டார்.

“அட போம் வே. கொழுப்பு இருந்தா வாதம் லேசாத்தான் வரும். இல்லாட்டித்தான் ஆளைப் படுக்கப் போடும். சாட்சி வேணுமா? இந்தா நிக்காருல்லா நம்ம லேப்காரரு!” என்று என்னைக் காட்டினார். கேலியாகச் சொல்லவில்லை. முழு நம்பிக்கையோடு சொன்னார். தீபாவளிக்குப் பிறகு கொழுப்பு மாத்திரை, பிரஷர் மாத்திரை இரண்டையும் நிறுத்திவிட்டதாகவும் சொன்னார். கடையில் இருந்த எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான்தான் சாட்சி. கோணல் வாயும் கம்புமாக நின்ற சாட்சி.

இல்லை என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அந்த ஒரு எண்ணை வைத்து ஜோசியம் சொல்லக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். நான் கொழுப்பு இல்லையென்று தைரியமாக இருந்தேன், அவர் கொழுப்பு இருக்கிறதென்று தைரியமாக இருக்கிறார். இரண்டும் ஒரே மடத்தனம். வாயைத் திறந்தேன். “ண்... ணா...” என்பதற்கு மேல் வரவில்லை. அவர் டீயை என் வாயருகே பிடித்து, “சூடா இருக்கு, ஊதிக் குடியும்” என்றார்.

அன்று சாயங்காலம் மனைவி பாடத்தை ஆரம்பிக்கும்போது நான் சிலேட்டை வாங்கி, இடது கையால் கோணல்மாணலாக எழுதினேன்: ‘மாத்திரையை நிறுத்தாதீங்க அண்ணாச்சி.’ இதைச் சொல்ல வேண்டும் என்று சைகை செய்தேன். அவள் படித்தாள். நீங்களே எழுதிக் காட்டிவிடலாமே என்றாள். தலையசைத்து மறுத்தேன். நான் வாயால் செய்த தப்பு அது. வாயால்தான் சரிசெய்ய வேண்டும். எழுதிக் கொடுத்தால் அவர் சிரித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொள்வார் என்றும் எனக்குத் தெரியும். நானே போய்ச் சொல்கிறேன் என்று அவள் கிளம்பினாள். போய்ச் சொல்லவும் செய்தாள். “நீங்க கவலைப்படாதீங்க டீச்சரம்மா” என்று அவளுக்கு ஒரு டின் கடலை எண்ணெயைக் கொடுத்து அனுப்பினார் அண்ணாச்சி!

அந்த ஒரு வாக்கியத்துக்கு எனக்கு இருபத்து மூன்று நாள் பிடித்தது. அவள் அதை எழுத்து எழுத்தாகப் பிரித்துக் கொடுத்தாள். ‘மாத்’ வந்தால் ‘திரை’ வராது. ‘திரை’ வந்தால் மூச்சு முடிந்திருக்கும். கழுத்து நரம்பு புடைக்கும். ஒரு நாள் ஆத்திரத்தில் சிலேட்டைத் தூக்கி எறிந்தேன். சட்டம் தனியாகக் கழன்றது. அவள் எடுத்து வந்து சட்டத்தைப் பொருத்தி மறுபடி என் முன்னால் வைத்தாள். “மாத்” என்றாள்.

கார்த்திகையில் ஒரு காலை, தெருவில் நடந்துகொண்டிருக்கும்போது நின்றேன். அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக, முழுதையும் சொன்னேன்.

அவர் அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கியது. “பேசிட்டீரே! ஏ டீச்சரம்மா, உங்க வீட்டுக்காரரு பேசிட்டாரு!” என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். என்னைக் கட்டிப் பிடித்தார். நேரே டீக்கடைக்குப் போய் எல்லோருக்கும் அவர் பேரில் டீ சொன்னார். நான் பேசினேன் என்பதைத்தான் அவர் கேட்டார். என்ன பேசினேன் என்பதைக் கேட்கவே இல்லை. அன்றைக்கும் இரண்டு வடை சாப்பிட்டார்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் விடுவதாக இல்லை. ஒரு தடவை சொன்னது பத்தாதென்றால் நூறு தடவை சொல்வேன். அன்று முதல் தினமும் காலையில் அவரைப் பார்த்ததும் நான் சொல்கிற முதல் வார்த்தை “மாத்திரை” என்பதுதான். அவர் சொல்கிற பதில், “நாளைக்கு.”

தை மாதம் பொங்கல் கழிந்து ஆறு தணிந்ததும் மறுபடி தண்ணீரில் இறங்கினோம். இப்போது முழங்கால் அளவு தண்ணீரில் கம்பு இல்லாமல் நடக்க முடிந்தது. அவர் இடது கை என் வலது கையைப் பிடித்திருக்கும். ஒரு நாள் படிக்கு நாலைந்து அடி இருக்கும்போது அந்தப் பிடி தளர்ந்தது. என் வலது கையில் அப்போது உணர்ச்சி குறைவு, அதனால் உடனே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் வாயின் இடது ஓரம் கீழே இறங்கியிருந்தது. ஏதோ சொன்னார். குழறல். ஆறு மாதமாகக் கண்ணாடியில் நான் பார்த்துக்கொண்டிருந்த முகம் அது.

நான் பிடித்து நடந்தவர், இப்போது நான் பிடிக்க வேண்டியவர். இடது கையை அவர் இடுப்பில் கொடுத்தேன். எப்படிப் படி வரைக்கும் வந்து சேர்ந்தோம் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. படியில் உட்கார வைத்தேன். மேலே ஆட்டோ நின்றது. டிரைவர் என் சத்தம் கேட்டு ஓடிவந்தார். அவரிடம் நேரம் கேட்டேன். ஆறு நாற்பது என்றார். அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

ஏழெட்டு நிமிஷம் போயிருக்கும். அண்ணாச்சியின் வாய் பழையபடி நேரானது. கையை நீட்டி மடக்கினார். பேச்சு தெளிந்தது.

“பித்தம் வே. வெறும் வயித்துல தண்ணிக்குள்ள நின்னதுல தலையைச் சுத்திட்டு. வீட்டுல போய் இஞ்சிச் சாறு குடிச்சுட்டுப் படுத்தா சரியாயிரும்” என்று எழுந்தவர், டிரைவரிடம், “தச்சநல்லூருக்கு விடுப்பா” என்றார்.

அவர் தோளில் கிடந்த துண்டின் நுனியைப் பிடித்தேன். என் இடது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

“ஆஸ்பத்திரி” என்றேன்.

“விடும் வே. சரியாயிட்டுங்கேன்லா. இனிமே வந்தாலும் எனக்கு லேசாத்தான் வரும்.”

துண்டை இழுத்தார். அவர் பலத்துக்கு நான் எம்மாத்திரம்? இழுத்த இழுப்பில் படியில் விழுந்தேன். முட்டி சிராய்த்தது. துண்டை விடவில்லை. விழுந்த இடத்தில் இருந்தே பேசினேன். பழகி வைத்திருந்த வாக்கியம் இல்லை அது. அப்போதுதான் வந்தது.

“நான்... சொன்னதும்... பொய். நீங்க... சொல்லுததும்... பொய். ஏறுங்க அண்ணாச்சி.”

அவர் என்னையே பார்த்தார். முட்டியில் வந்த ரத்தத்தைப் பார்த்தார். அப்புறம் குனிந்து என்னைத் தூக்கிவிட்டார். டிரைவரிடம், “பாளையங்கோட்டைக்குப் போப்பா. பெரியாஸ்பத்திரி” என்றார். வழி முழுக்க அந்தத் துண்டு என் கையில்தான் சுற்றியிருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை.

அன்று அந்த டாக்டரம்மாதான் இருந்தார். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். “ஆறு நாப்பது” என்று நான்தான் சொன்னேன். ரத்த அழுத்தம் பார்த்தார்கள். எகிறிக் கிடந்தது. மாத்திரை நிறுத்தி எத்தனை நாள் என்று கேட்டார். அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். தீபாவளி என்றேன். இது பெரிய அடைப்புக்கு முன்னால் வந்த எச்சரிக்கை, வீட்டில் போய்ப் படுத்திருந்தால் அடுத்தது எப்படி வந்திருக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. ஐந்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

வீடு திரும்பிய மறுநாள் காலை ஆறு மணிக்கு அண்ணாச்சி வந்தார். ஆட்டோவை விட்டு இறங்கி, என் மனைவியிடம் தண்ணீர் கேட்டு வாங்கி, என் கண் முன்னால் மாத்திரைகளைப் போட்டு விழுங்கினார். வாயைத் திறந்து காட்டினார், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. “பாத்துக்கிட்டீரா? வாரும், நடப்போம்” என்றார். அவர் இருந்தவரைக்கும், ஊரில் இருக்கிற நாளெல்லாம் அதைச் செய்தார். அதற்குப் பிறகு பதினாறு வருஷம் இருந்தார்.

எனக்கு வலது கை முக்கால்வாசிதான் வந்தது. எழுதலாம், டம்ளர் பிடிக்கலாம். ஊசி பிடிக்க முடியாது. இடது கையால் குத்திப் பழகுவது என்று முடிவு செய்தேன். மடி தேடும் கன்றுக்குட்டி மாதிரி முதலில் ரப்பர் குழாயில் முட்டி மோதினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு, சேலைத் தலைப்பை ஒதுக்கிவிட்டு, கையை நீட்டினாள். இரண்டு தடவை நரம்பு தப்பியது. போதும் என்றேன். அவள் கையை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை ரத்தம் வந்தது.

1997-ஆம் வருடம் வைகாசியில் லேபுக்குத் திரும்பப் போனேன். என் இடத்தை வைத்திருந்த முதலாளியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். ரத்தம் கொடுக்க வருகிற யாராக இருந்தாலும், அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், ரத்த அழுத்தம் பார்த்துத்தான் அனுப்புவேன் என்றேன். கூட்டம் தேங்கும் என்றார். தேங்கட்டும் என்றேன். அந்த வேலையை விட்டு ஓய்வு பெறும்வரைக்கும் அதைச் செய்தேன். யாராவது ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, “கொழுப்பு கம்மிதானே, இனி பயமில்லையே” என்று கேட்டால், டாக்டரிடம் காட்டுங்கள் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

இன்றைக்கும் என் பேச்சில் லேசாக ஒரு இழுவை உண்டு. ‘கொழுப்பு’ என்று சொல்லும்போது ‘ழு’ சரியாக வராது. ஒருவருடைய ரத்தத்தின் நிறத்தைப் பார்த்தே அவருடைய தலையெழுத்தைப் படித்துவிட்டதாக நினைத்துத் திரிந்தவன் நான். இப்போதெல்லாம் தெரிந்தவர் யாருக்காவது வாதம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால், இதனால்தான் வந்தது என்று காரணம் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் என்று கால்தான் முதலில் கிளம்புகிறது.